அடுத்து எதை எடுப்பது?

காசு வாங்காமல் ஆசைக்காகப் புத்தகத்துக்கும் வீடியோ கேமுக்கும் மதிப்புரை எழுதுபவரிடம் நான் முதலில் கவனிப்பது, அவர் எதைக் கையில் எடுக்கிறார் என்றுதான். 2024இல் கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் மட்டும் 18,000க்கும் மேற்பட்ட கேம்கள் வந்தன. அதில் ஒன்றைப் பொறுக்கி எடுப்பதே பாதி விமர்சனம்.

பத்திரிகைக்கு எழுதுபவருக்கு இந்தக் கவலை குறைவு. ஆசிரியர் கொடுத்ததை எழுதித் தள்ளுவார். அப்படிப்பட்டவரின் அவதியைப் பற்றி 1946இல் ஜார்ஜ் ஆர்வெல் ஒரு கட்டுரை எழுதினார். பெரும்பாலான புத்தகங்களைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு, தேறுகிற சிலவற்றுக்கு மட்டும் ஆயிரம் சொல்லுக்குக் குறையாமல் எழுதலாம் என்பது அதில் அவர் சொன்ன யோசனை. சம்பளத்துக்கு எழுதுபவரால் செய்ய முடியாத அந்தக் காரியத்தை ஆசைக்கு எழுதுபவர் தாராளமாகச் செய்யலாம். ஆனால் பலர் வலியப் போய் அதே நுகத்தடியில் கழுத்தைக் கொடுக்கிறார்கள். வெளியான வாரமே எழுதிவிட வேண்டுமாம்! யார் கேட்டார்கள்?

அந்த அவசரத்தால் ‘சைபர்பங்க் 2077’ கேம் விஷயத்தில் என்ன ஆயிற்று? 2020 டிசம்பர் 10 அன்று அது வெளியாவதற்கு முன் விமர்சகர்களுக்குக் கிடைத்தது கணினிப் பிரதிதான். அதை ஆடியவர்களில் பலர் வாயாரப் புகழ்ந்தார்கள். பிளேஸ்டேஷன் 4இல் வாங்கியவர்களுக்கோ திக்கித் திணறி, நடுவிலேயே நின்றுபோகும் கேம்தான் கிடைத்தது. எட்டே நாளில் சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டது. 2023இல் 2.0 அப்டேட் வந்த பிறகு அதை வேறொரு கேம் என்றே சொல்லலாம். அவசரமில்லாமல் அப்போது கையில் எடுத்தவருக்கு முழுக்கதையும் கிடைத்தது. புத்தகங்களில் இதற்கு உதாரணம் ஜான் வில்லியம்ஸின் ‘ஸ்டோனர்’. 1965இல் வந்து சீந்துவாரில்லாமல் கிடந்த நாவல் அது. 2011இல் பிரெஞ்சில் வந்த பிறகுதான் ஐரோப்பாவில் விற்றுத் தீர்ந்தது.

புத்தகம், கேம் இரண்டுக்கும் மதிப்புரை எழுதுபவருக்கு இன்னொரு வசதி உண்டு: ஒன்றை மற்றதோடு ஒப்பிடலாம். அதைப் பயன்படுத்துபவர்கள் குறைவு. ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்களின் ‘ரோட்சைட் பிக்னிக்’ நாவல் 1972இல் வந்தது. வேற்றுக்கிரகத்தார் வந்து போன நிலப்பகுதிக்குள் திருட்டுத்தனமாக நுழைபவர்கள், கண்ணுக்குத் தெரியாத ஆபத்து எங்கே இருக்கிறது என்று அறிய நட்டுகளையும் போல்ட்டுகளையும் முன்னால் எறிந்து பார்த்தபடி நடப்பார்கள். 2007இல் உக்ரைனிலிருந்து வந்த ‘ஸ்டாக்கர்’ கேமிலும் ஆடுபவர் போல்ட் எறிகிறார். ஆனால் அவர் பையில் போல்ட் தீர்வதே இல்லை. செத்தாலும் சேமித்த இடத்திலிருந்து திரும்ப ஆடலாம். நாவலில் ஒவ்வோர் எறிதலிலும் இருக்கும் உயிர்ப்பயம் இங்கே ஆட்டத்தின் பழக்கமாகிவிடுகிறது. இரண்டையும் அடுத்தடுத்து எடுத்தால்தான் இது கண்ணில் படும். புதுசு தேடி ஓடுபவருக்கு இதற்கெல்லாம் ஏது நேரம்?

சரி, இஷ்டத்துக்குப் பொறுக்குவதில் குறையே இல்லையா? இருக்கிறது, அதுவும் சின்னக் குறையில்லை. லீவு நாளைக் கொடுத்துப் பிடிக்காத ஒன்றை யாரும் முடிக்க மாட்டார்கள். அதனால் எல்லாமே பிடித்தவையாக, எல்லாமே ஐந்துக்கு நாலு நட்சத்திரமாக வந்து நிற்கின்றன. எது பிடிக்காது என்று காட்டாதவரின் பாராட்டை எதை வைத்து அளப்பது? நேரக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. ‘பெர்சோனா 5 ராயல்’ கேம் 100 மணி நேரத்தை விழுங்கும். வேலைக்குப் போகிற ஆள் அதைத் தொடவே யோசிப்பார். வாசகர்களிடம் ஓட்டு கேட்டு முடிவு செய்வதும் தீர்வல்ல. ஏற்கெனவே கேள்விப்பட்ட பெயருக்குத்தான் ஓட்டு விழும்.

சொந்த ஊர்ப் பாசம் இன்னொரு சிக்கல். 2023இல் டொராண்டோவிலிருந்து வந்த ‘வெண்பா’ கேம், கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் பழைய சமையல் குறிப்பில் அழிந்துபோனவற்றை ஊகித்து இட்லி அவிக்க வேண்டும். ஒரே அமர்வில் முடிந்துவிடும். தமிழர் யாருக்கும் கை தானாக அதை நோக்கிப் போகும், எனக்கும் போனது. திரையில் இட்லித்தட்டைப் பார்த்த பூரிப்பிலேயே மதிப்புரை எழுதி முடிந்துவிடுகிறது. கதை மகன் கவினை எவ்வளவு நன்றாகக் கவனிக்கிறது, புதிர்கள் எவ்வளவு சுலபம் என்ற இரண்டு கேள்விகளும் அப்படியே நின்றுபோகின்றன. பின்லாந்துக் குடும்பத்தின் மீன் சூப்பைப் பற்றிய கேமாக இருந்தால் இரண்டாவதை முதல் பத்தியிலேயே கேட்டிருப்போம்.