கைநாட்டும் பூட்டும்

சென்ற பருவத்தில் மின்தேக்கி பற்றிய பாடத்தை முடித்தபோது, ஒரு மாணவன் தன் கைப்பேசியைக் காட்டி, "சார், இது என் விரலை எப்படி அறிந்துகொள்கிறது? இதை நம்பலாமா?" என்று கேட்டான். முதற் கேள்விக்குக் கரும்பலகையில் விடை எழுதினேன். இரண்டாவதைத் தொடங்குமுன் மணி அடித்துவிட்டது. அந்த விடையை இப்போது உங்கள் முன் வைக்கிறேன்.

கருவி என்ன செய்கிறது?

விரல் தோலில் மேடுகளும் பள்ளங்களும் மாறி மாறி அமைந்துள்ளன. ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் இடையே சுமார் அரை மில்லிமீட்டர் தொலைவு. கைப்பேசியின் உணரியில் இதைவிட மிகச் சிறிய தகடுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒவ்வொரு தகடும் அதன் மேலுள்ள தோலும் சேர்ந்து ஒரு மின்தேக்கியாகின்றன. இடைத்தொலைவு குறைந்தால் மின்தேக்குத் திறன் கூடும் என்பது நாம் அறிந்ததே. மேடு பட்ட இடத்தில் அது மிகுதி. பள்ளத்தில் காற்று நிற்பதால் குறைவு. இந்த வேறுபாடுகளிலிருந்து ரேகையின் படம் கிடைக்கிறது. ஒளியாலும் மீயொலியாலும் படமெடுக்கும் உணரிகளும் உண்டு.

அடுத்த படிதான் முக்கியமானது. நீங்கள் இரண்டு முறை விரல் வைத்தால் இரண்டு படங்களும் முற்றிலும் ஒன்றாக இரா. அழுத்தம் மாறும், ஈரம் மாறும், கோணம் மாறும். ஆகவே கருவி, "இரண்டும் ஒன்றா?" என்று பார்ப்பதில்லை, "எவ்வளவு ஒத்திருக்கின்றன?" என்று மதிப்பெண் போடுகிறது. தேர்ச்சி மதிப்பெண்ணை முன்கூட்டியே ஒருவர் தீர்மானித்திருக்கிறார். அதைக் குறைத்தால் அயலார் விரலும் தேறிவிடும். கூட்டினால் உரியவரே தோற்றுப்போவார். இரண்டு தவறுகளையும் ஒருசேர ஒழிக்கும் மதிப்பெண் எதுவும் இல்லை.

நன்மையை மறைக்கலாகாது

குறை கூறுமுன் நிறையைச் சொல்லுவதே நேர்மை. நான்கு இலக்க எண்ணை ஒரே முயற்சியில் ஊகிக்கும் வாய்ப்பு 10,000-இல் ஒன்று. 2013-இல் ஐபோனில் விரல் உணரியைப் புகுத்திய ஆப்பிள் நிறுவனம், அயலார் விரல் தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு 50,000-இல் ஒன்று என்று அறிவித்தது. பேருந்தில் பக்கத்தில் நிற்பவர் எண்ணை எட்டிப் பார்க்கலாம். விரலை எட்டிப் பார்த்துப் பயனில்லை. பூட்டே போடாதிருந்த பலர் இந்த வசதியால்தான் பூட்டத் தொடங்கினர்.

பெயரா, சாவியா?

பின் குறைதான் எங்கே? இரகசியம் என்பது உங்கள் மனத்தில் மட்டும் இருக்க வேண்டியது. வெளிப்பட்டால் மாற்றிக்கொள்ளக் கூடியது. விரல் ரேகைக்கு இவ்விரு குணங்களும் இல்லை. தேநீர் குடித்த கண்ணாடிக் குவளையிலும் கதவுப் பிடியிலும் அதை விட்டுவிட்டு வருகிறோம். 1897-இல் கல்கத்தாவில் விரல் ரேகை நிலையம் அமைக்கப்பட்டபோது, "இவர் யார்?" என்று அறியவே ரேகை பயன்பட்டது. அதாவது அது ஒரு பெயர். நாம் அதைச் சாவியாக்கிவிட்டோம்.

2002-இல் ஜப்பானிய ஆய்வாளர் சுதோமு மட்சுமோட்டோவும் குழுவினரும் ஜெலட்டினால் செய்த போலி விரல்களால் 11 வகை உணரிகளை ஏமாற்றிக் காட்டினர். 2013-இல் புதிய ஐபோன் விற்பனைக்கு வந்த சில நாட்களிலேயே, ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் கண்ணாடியில் பதிந்த ரேகையைப் படியெடுத்து அதைத் திறந்தது. 2015-இல் அமெரிக்க அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகத்திலிருந்து 56 இலட்சம் பேரின் விரல் ரேகைகள் களவு போயின. களவுபோன எண்ணுக்கு வேறு எண் வைக்கலாம். களவுபோன விரலுக்கு?

எங்கே வைக்கப்பட்டிருக்கிறது?

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். நல்ல கைப்பேசிகளில் ரேகையின் குறிப்பு கருவிக்குள்ளேயே, தனிக் காப்புப் பகுதியில் இருக்கிறது. திருடன் ரேகையையும் பெற வேண்டும், கைப்பேசியையும் பெற வேண்டும். ஆதார் வழி வங்கிப் பரிவர்த்தனையில் நிலைமை வேறு. அங்கே ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் ரேகை ஆகியவை போதும். இரகசிய எண் கேட்பதில்லை. நிலப் பத்திரங்களில் நாம் வைத்த கைநாட்டுகளைப் படியெடுத்து இந்த வழியில் பணம் எடுத்ததாகச் சில மாநிலங்களில் வழக்குகள் பதிவாகியுள்ளன. வைக்கப்பட்டிருப்பது உயிருள்ள விரலா என்று சோதிக்கும் முறையை 2023-இல் ஆதார் ஆணையம் புகுத்தியது. வரவேற்கத்தக்கதே. எனினும், முன்னரே வெளியான ரேகையை அது திரும்பப் பெற்றுத் தராது.

தேர்ச்சி மதிப்பெண்ணின் மறுபக்கத்தையும் மறக்கலாகாது. எங்கள் பகுதி நியாயவிலைக் கடையில், கட்டட வேலை செய்யும் ஒரு பெண்மணி ஐந்தாறு முறை விரல் வைத்தும் கருவி ஏற்கவில்லை. சிமென்ட் அவர் விரலின் மேடுகளைத் தேய்த்துவிட்டிருந்தது. அன்று அவர் வெறும் பையோடு திரும்பினார். ஒரு நாள் கூலியும் போயிற்று. உழைப்பாளியின் கையைத்தான் இக்கருவி முதலில் மறுக்கிறது. யாருக்கு வசதி என்று கேட்காமல் வசதியைப் புகழ்வது அறிவியல் ஆகாது.

என் முடிவு

மாணவனுக்கு நான் சொல்லும் விடை இது: வீட்டு வாசற் கதவுக்கு விரல் போதும்; பணப் பெட்டிக்கு விரலோடு ஓர் எண்ணும் வேண்டும். வங்கிச் செயலிக்கு இரகசிய எண்ணைக் கைவிடாதீர்கள். ஆதாரில் உங்கள் உடற்குறிகளைப் பூட்டிவைக்கும் வசதி ஆணையத்தின் இணையதளத்திலும் செயலியிலும் உள்ளது; தேவைப்படும்போது திறந்து, பின் மீண்டும் பூட்டலாம். ரேகையைக் கேட்கும் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: "இதை எங்கே வைப்பீர்கள்? கருவி என்னை மறுத்தால் மாற்று வழி என்ன?"

நம் பாட்டனார் கைநாட்டு வைக்குமுன், "பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல்லுங்கள்" என்றாவது கேட்டார். படித்த நாம் அதைக்கூடக் கேட்காமல் விரலை வைக்கலாமா?