சி மொழியில் அகல எழுத்து மாற்றம்: ஒரு திறனாய்வு

கோப்புகளிலும் பிணையத்திலும் உரை பைட்டுகளின் வரிசையாகவே ஓடுகிறது. ஓர் எழுத்தைக் குறிக்க ஒன்றுக்கு மேற்பட்ட பைட்டுகள் தேவைப்படும்போது அவ்வுரை பல்பைட் உரை எனப்படுகிறது. அதை நிரலுக்குள் சம அளவுள்ள எண்களாக மாற்றிக் கையாளும் வடிவமே அகல எழுத்து. அதற்கான செயற்கூறுகள் 1989-இல் வந்த முதல் தரத்திலேயே இடம்பெற்றன.

இந்த மாற்றத்துக்கான தேவை உண்மையானது. ஜப்பானிய ஷிஃப்ட்-ஜிஸ் குறிமுறையில், 'அட்டவணை' என்று பொருள்படும் எழுத்து 149, 92 என்னும் இரு பைட்டுகளால் ஆனது. அவற்றுள் 92 என்பது கோப்புறைகளைப் பிரித்துக் காட்டும் பின்சாய்கோட்டின் எண்ணும் ஆதலால், பைட் பைட்டாகத் தேடும் நிரல் எழுத்தின் நடுவிலேயே பாதையை வெட்டிவிடும். எழுத்தாக மாற்றிய பின் தேடினால் இந்தப் பிழைக்கு இடமில்லை.

1995-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட எம்பிஆர்-டு-டபிள்யூசி என்னும் செயற்கூறே இந்த ஏற்பாட்டின் சிறந்த பகுதி. யுடிஎஃப்-8 குறிமுறையில் 'த' என்பது 224, 174, 164 என்னும் மூன்று பைட்டுகளாக அமைகிறது. தமிழ்க் குறிகள் மட்டுமே இடைவெளியின்றித் தொடரும் கோப்பை 4096 பைட் துண்டுகளாகப் படித்தால், 4096 மூன்றால் மீதமின்றி வகுபடாத காரணத்தால், முதல் துண்டின் கடைசியில் ஒரு பைட் தனித்து நிற்கும். அப்போது செயற்கூறு அதைப் பிழையென்று தள்ளாமல், 'இன்னும் முடியவில்லை' என்பதற்கு அடையாளமாக −2 என்ற மதிப்பைத் தந்து, படித்த பைட்டை அழைப்பவர் கொடுத்த நிலைமாறியில் குறித்துக்கொண்டு, அடுத்த துண்டின் இரு பைட்டுகள் வந்ததும் எழுத்தை முடிக்கிறது. உண்மையான பிழைக்கு −1 என்று தனி மதிப்பு உண்டு. நிலையைத் தனக்குள் மறைத்து வைத்திருந்த பழைய செயற்கூறோடு ஒப்பிட்டால் இது பெரும் முன்னேற்றம். ஆயினும் இந்த மதிப்புகள் குறியற்ற முழுஎண்ணாக வருவதால், 'பூச்சியத்துக்குக் கீழா' என்று சோதிக்கும் வரி ஒருபோதும் பிழையைப் பிடிக்காது. பயிற்சியுள்ளவர்களும் தவறும் இடம் இது.

ஏற்பாட்டின் பெருங்குறை வேறிடத்தில் இருக்கிறது. உள்ளே வரும் பைட்டுகள் எந்தக் குறிமுறையைச் சேர்ந்தவை என்பதைச் செயற்கூறு அழைப்பிலிருந்து அறிவதில்லை. லொகேல் எனப்படும் மொழிச்சூழலைப் பார்த்தே அறிகிறது. நிரல் தொடங்கும்போது அச்சூழல் 'சி' என்னும் அடிப்படை நிலையில் இருப்பதால், அதை மாற்றும் செட்லொகேல் என்னும் செயற்கூறு அழைக்கப்படாத நிரலில் தமிழ் உரை சரியாக மாறும் என்று நம்பமுடியாது. அதை அழைத்தாலோ, முழு நிரலின் போக்கும் மாறிவிடுகிறது: எல்லாப் பிரிவுகளையும் ஒருசேர மாற்றினால், ஜெர்மன் சூழலில் தசமப் புள்ளி காற்புள்ளியாகி எண்களைப் படிக்கும் பகுதி பிழைபடும். கோப்பின் குறிமுறை கோப்பின் இயல்பு. அதைப் பயனரின் கணினி அமைப்போடு கட்டிவைத்தது அடிப்படையான வடிவமைப்புத் தவறு.

அடுத்த குறை அகலத்தைப் பற்றியது. லினக்ஸில் அகல எழுத்து 32 பிட். விண்டோஸில் 16 பிட். ஒரு சூழலின் எழுத்து ஒவ்வொன்றும் ஒரே அகல எழுத்தில் அடங்க வேண்டும் என்பது தரத்தின் விதியாக இருக்க, 2019-இல் யூனிகோடில் சேர்ந்த முந்திரிக் குறி, அதாவது 1/320-ஐக் குறிக்கும் பழந்தமிழ்ப் பின்னக்குறி, 73664 என்னும் எண்ணைப் பெற்றிருப்பதால் 16 பிட்டின் எல்லையான 65535-ஐத் தாண்டி, விண்டோஸில் இரண்டாகப் பிளவுபடுகிறது. 32 பிட் இருந்தாலும் எண்ணிக்கை நாம் நினைக்கும் எழுத்தோடு பொருந்துவதில்லை. 'தமிழ்' என்ற சொல் மூன்று எழுத்து, ஆனால் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் ஐந்து அகல எழுத்து. நான்காவதோடு வெட்டினால் எஞ்சுவது 'தமிழ' என்பதே.

2011-ஆம் ஆண்டுத் தரம் 32 பிட்டுக்கெனத் தனி வகையையும் அதற்கான மாற்றுச் செயற்கூறையும் கொண்டுவந்து அகலச் சிக்கலைத் தீர்த்தது. எனினும் உள்ளீட்டின் குறிமுறையை அதுவும் மொழிச்சூழலிடமே கேட்கிறது. ஆகவே புதிதாக எழுதப்படும் நிரலில் உரையை யுடிஎஃப்-8 பைட்டுகளாகவே வைத்திருந்து, தேவைப்படும் இடத்தில் மட்டும், குறிமுறையை வெளிப்படையாக அறிந்த சிறு மாற்றியால் 32 பிட் எண்ணாக்குவதே தக்க வழி. துண்டு துண்டாகப் படிப்பதற்கு 1995-இன் அந்த மூன்று வகை விடை முறையை அம்மாற்றி அப்படியே ஏற்றுக்கொள்ளலாம்.