துயில் தரவும் இரு சராசரிகளின் ஒப்பீடும்: ஒரு திறனாய்வு

இரு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனையைக் கற்பிக்க, 'துயில் தரவு' எனப்படும் இருபது எண்கள் நெடுங்காலமாக எடுத்தாளப்படுகின்றன. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ மனநல மருத்துவமனையில் திரட்டப்பட்டு, குஷ்னி, பீபிள்ஸ் ஆகியோரால் 1905-இல் வெளியிடப்பட்டவை அவை. டப்ளினில் கின்னஸ் மதுவாலையில் பணியாற்றிய வில்லியம் சீலி காஸெட், 'ஸ்டூடண்ட்' என்னும் புனைபெயரில் 1908-இல் 'பயோமெட்ரிக்கா' இதழில் எழுதிய கட்டுரையில் அவற்றைப் பயன்படுத்தினார். பத்து நோயாளிகள், இரு உறக்க மருந்துகள். ஒவ்வொரு மருந்தாலும் ஒவ்வொருவரும் கூடுதலாக உறங்கிய மணிகள். முதல் மருந்தின் சராசரி 0.75 மணி, இரண்டாவதன் சராசரி 2.33 மணி.

இவற்றைச் சார்பற்ற இரு குழுக்களாகக் கொண்டால் டி மதிப்பு 1.86, நிகழ்தகவு 0.079. எனவே 0.05 நிலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றே எழுத நேரும். நோயாளிவாரியாக இணைத்துச் சோதித்தாலோ டி மதிப்பு 4.06, நிகழ்தகவு 0.003-க்கும் குறைவு. சராசரிகளின் வேறுபாடு இரு முறைகளிலும் 1.58 மணியே. அதனை வகுக்கும் திட்டப்பிழைதான் 0.85-இலிருந்து 0.39 ஆகக் குறைகிறது.

இதற்குக் காரணம் தரவிலேயே உள்ளது. முதல் மருந்தால் 3.4, 3.7 மணி கூடுதலாக உறங்கிய ஆறாம், ஏழாம் நோயாளிகள் இரண்டாம் மருந்தாலும் 4.4, 5.5 மணி கூடுதலாக உறங்கினர். நான்காமவருக்கோ முதல் மருந்தால் உறக்கம் 1.2 மணி குறைந்தது, இரண்டாவதால் 0.1 மணியே கூடியது. இரு பத்திகளுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.8. ஆளுக்கு ஆள் உள்ள இவ்வேறுபாட்டை இணைச்சோதனை கழித்துவிடுகிறது. சார்பற்ற சோதனை அதனைப் பிழையின் கணக்கில் சேர்க்கிறது. காஸெட் வேறுபாட்டுப் பத்தியைக் கொண்டே மருந்துகளை ஒப்பிட்டார். ஆனால் 'ஆர்' மென்பொருளின் டி-சோதனை உதவிக் குறிப்பு, இதே தரவை இரு தனிக்குழுக்கள்போல் சோதிக்கும் எடுத்துக்காட்டை நெடுங்காலம் தாங்கியிருந்தது. 'குழு' என்னும் மாறியின் பெயர் தவறான எண்ணம் தரக்கூடும் என அம்மென்பொருளின் தரவு விளக்கமே எச்சரிப்பது இங்கு நோக்கத்தக்கது.

ஒரே மாணவர்களின் முன்தேர்வு, பின்தேர்வு மதிப்பெண்களை ஒப்பிடும் ஆய்வேடுகளுக்கும் இது பொருந்தும். எனினும் இரு சோதனைகளையும் செய்துபார்த்துச் சாதகமான விடையைத் தெரிவது இதனினும் பெரிய பிழை. சோதனை எதுவென்பது தரவு திரட்டும் முன்பே, ஆய்வு வடிவமைப்பில் முடிவாகிவிட வேண்டும்.

இணைச்சோதனையின் விடையும் ஆராயாமல் ஏற்கத்தக்கதன்று. ஒன்பதாம் நோயாளியின் வேறுபாடு மட்டும் 4.6 மணி. அவரை நீக்கினால் சராசரி வேறுபாடு 1.24 ஆகக் குறைகிறது. டி மதிப்போ ஏறத்தாழ 5.7 ஆக உயர்கிறது! மருந்துக்கு மிகவும் சாதகமான சான்றை நீக்க, முடிவு மேலும் வலுப்பெறுவது முரணாகத் தோன்றும். அவ்வொரு மதிப்பு சராசரியை உயர்த்தியதைவிடச் சிதறலை மிகுதியாக உயர்த்தியிருந்தது என்பதே விளக்கம். பத்தே மதிப்புகளில் டி மதிப்பை மட்டும் அட்டவணையிட்டு, வேறுபாடுகளை வெளியிடாத கட்டுரையில் இதனை வாசகர் காண வழியில்லை.

மருந்துகளின் பெயர்களும் தப்பவில்லை. ஹயோசயமின், ஹயோசின் என்னும் இரு வேறு மருந்துகளை, ஹயோசயமினின் இரு வடிவங்கள் எனக் காஸெட் பிழையாகக் குறித்தார். ஃபிஷரின் 1925-ஆம் ஆண்டு நூலிலும் அப்பிழை தொடர்ந்தது. 'ஆர்' தரவில் மருந்துகளுக்குப் பெயரே இல்லை. 1, 2 என்னும் எண்களே உள்ளன.