துள்ளிசையும் கேட்போர் தீர்ப்பும்

பாட்டுக்குப் பொருள் வேண்டும் என்பதில் தமிழ்க் கேட்போர் கண்டிப்பானவர்கள். அக்கண்டிப்புக்கு நெடுநாளாக ஆளாகி வருவது ஈழத்தில் தோன்றிய துள்ளிசை. 1960களில் யாழ்ப்பாணத்து நித்தி கனகரத்தினம் கிதாரை மீட்டிச் ‘சின்ன மாமியே’ பாடியபோதும், பின்னர் ஏ. ஈ. மனோகரன் ‘சுராங்கனி’யைக் கடல் கடந்து கொண்டு சென்றபோதும், கேட்டவர்கள் இரு கட்சியாயினர். ஒரு கட்சியார் கூத்தடிப்பு என்று ஒதுக்கினர். மறு கட்சியார் வேடிக்கைதானே என்று கைதட்டினர். பினாங்கிலும் இவ்விரு கட்சியாருக்குப் பஞ்சமில்லை. திருமண விருந்தில் இசைக்குழு இப்பாடல்களைத் தொடங்கியதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுவோர் பலர். அவர்களுள் ஆட எழுவோரும் உண்டு, வெளியேற எழுவோரும் உண்டு.

இறக்குமதிச் சரக்கு என்பது முதற் கட்சியாரின் குற்றச்சாட்டு. அதில் பாதி உண்மை. தாளம் பைலாவினுடையது, போர்த்துக்கீசியரும் ஆப்பிரிக்கரும் இலங்கைக் கரையில் விட்டுச் சென்ற செல்வம் அது. ஆயின் சொல்லோ நாட்டுப்புறத்துச் சொல். மாமியிடம் அவள் மகள் எங்கே என்று விசாரிக்கும் இளைஞனின் குறும்பு, முறை கொண்டாடிக் கேலி பேசும் தெம்மாங்கின் குறும்பே. ‘சுராங்கனி’யின் நிலை வேறு. மீன் கொண்டுவந்த செய்திக்கு அப்பால் அதில் ஒன்றுமில்லை. நான்காம் முறை கேட்கையில் சலிப்புத் தட்டுகிறது. எனினும் அது போகாத ஊரில்லை. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா அதனைச் சேர்த்தபோது பாடியவர் மலேசியா வாசுதேவன். ஈழத்துப் பாட்டு தமிழகத் திரை வழியே இந்நாட்டு மைந்தர் ஒருவரின் குரலில் இங்கு வந்து சேர்ந்தது.

இத்தகைய சச்சரவு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. 1968இல் ஸ்காட்லாந்தின் இன்கிரெடிபிள் ஸ்ட்ரிங் பேண்ட் குழுவினர் நாட்டார் மெட்டும் சித்தாரும் விந்தைக் கற்பனையும் கலந்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டனர். அது பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை ஏறியது. அக்குழுவைப் பிள்ளை விளையாட்டு என்று நகைத்தோர் உண்டு. பின்னாளில் கேண்டர்பரிப் பேராயராக விளங்கிய ரோவன் வில்லியம்ஸ் அதன் அன்பர்.

வேடிக்கைப் பாட்டில் பொருள் இராது என்று இரு கட்சியாரும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுவதுதான் சிக்கல். நித்தியின் ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ இதற்குத் தக்க சான்று. தலைப்பே மதுவிலக்கு, மெட்டோ கள்ளுக்கடைக்கே கைப்பிடித்து அழைத்துப் போவது போன்றது. மன்றாடுகிறவனின் குரலில் குறும்பும் கலந்திருப்பதால் அவன் அறிவுரை கூறுகிறானா, கேலி செய்கிறானா என்று கேட்போர் தடுமாறுகின்றனர். அத்தடுமாற்றமே அப்பாட்டின் உயிர். நேரே அறிவுரையாக இருந்திருப்பின் மேடையில் ஒருமுறை பாடப்பட்டு மறைந்திருக்கும்.

மலேசியத் தமிழருக்கு இதில் இன்னொரு செய்தியும் உண்டு. இங்கே கள்ளுக்கடை கற்பனைப் பொருளன்று. தோட்டத்துக்குள்ளேயே இருந்து தொழிலாளியின் சம்பளத்தை விழுங்கிய இடம். பினாங்குக்கு அண்டையில் உள்ள கெடாத் தோட்டங்களில் 1946, 1947ஆம் ஆண்டுகளில் தொண்டர் படையினர் அக்கடைகளை எதிர்த்து மறியல் செய்து காவல்துறையின் அடக்குமுறைக்கும் ஆளாயினர். யாழ்ப்பாணத்து இளைஞன் இம்மண்ணை நினைத்துப் பாடினானல்லன். ஆனால் அம்மறியலைப் பற்றிக் கேட்டு வளர்ந்த செவிக்கு அவன் மன்றாடல் வேறு விதமாக ஒலிக்கும். கூத்தடிப்பு என்று வெளியேறுகிறவர் இதைக் கேட்பதில்லை; கோப்பையைக் கையில் ஏந்தி அதே பாட்டுக்கு ஆடுகிறவரும் கேட்பதில்லை. பாடகன் மட்டும் போகாதே, போகாதே என்று பாடிக்கொண்டே இருக்கிறான்.