எங்கே நின்று பேசினார்கள்?

சிறுநகரத்துக் காதல் கதை ஒன்றைக் கையிலெடுத்தால் நான் முதலில் தேடுவது, இருவரும் எங்கே நின்று பேசினார்கள் என்பதைத்தான். கடைத்தெருவில் பாதிப் பேர் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள். பஸ் கண்டக்டர் மாமாவோடு படித்தவர். அப்படிப்பட்ட ஊரில் ஓர் ஆணும் பெண்ணும் பத்து நிமிஷம் தனியாகப் பேச ஒரு சாக்கு வேண்டும். அது சரியாக அமையவில்லை என்றால், மனசு உருகுவதை எத்தனை பக்கம் எழுதினாலும் கதை நிற்காது.

தி. ஜானகிராமனுக்கு அது ‘மோகமுள்’ளில் கச்சிதமாக அமைந்தது. கும்பகோணத்தில் பாபு, யமுனா வீட்டுக்கு எப்போது வேண்டுமானாலும் போய்வரலாம். குடும்பங்களுக்குள் பழைய சிநேகம். அவளோ அவனைவிடப் பத்து வயது மூத்தவள். யாருக்குச் சந்தேகம் வரும்? அவனுக்குக் கதவைத் திறந்துவிட்ட அந்த வயதே பிற்பாடு குறுக்கே நிற்கிறது. அவளுக்கு வரன் தட்டிப்போவதற்கும் ஊரின் கணக்கே காரணம்: தாய் மராட்டியப் பெண், அதிலும் இரண்டாந்தாரம். பாபுவின் ஏக்கத்தை நம்ப எனக்குத் தடையே இல்லை. நெருடுவது யமுனாவின் பக்கம். பெரும்பாலும் பாபு கும்பிடும் கண்களால்தான் அவளைப் பார்க்கிறோம். வறுமையில் அடிபட்டு ஓய்ந்த பிறகு அவள் தரும் சம்மதம் ஆசையா, நன்றிக்கடனா? ஆசிரியர் வேண்டுமென்றேதான் அதைச் சொல்லாமல் விட்டார் என்று வாதிடலாம். எனக்கு அது நழுவலாகவே படுகிறது.

பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ (2013) வேறு வழியில் போகிறது. சோடாக் கடை வேலைக்காகத் தோலூருக்கு வந்த குமரேசனும் அங்கே பக்கத்திலேயே குடியிருக்கும் சரோஜாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளத் தனிச் சாக்கு தேவையில்லை. வாடகைக் குடியிருப்பே போதும். ஆனால் கல்யாணம் செய்துகொண்டு இருவரும் அவன் கிராமத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சட்டம் மாறிவிடுகிறது. “என்ன சாதி?” என்ற ஒரே கேள்விதான். நாவல் முழுக்கத் தேடினாலும் சரோஜாவின் சாதிப்பெயர் கிடைக்காது. எந்தச் சாதியாக இருந்தாலும் இதே கதைதான் என்று அந்த மௌனம் சொல்லிவிடுகிறது. சாதி மீறிய காதல் கல்யாணத்துக்குப் பின் உயிரிழந்த தர்மபுரி இளவரசனுக்குக் காணிக்கையாக்கப்பட்ட நூலை நடக்காத கதை என்று யாரால் தள்ள முடியும்? குறை ஒன்று உண்டு: கிராமத்துக்குள் ஏறக்குறைய எல்லாரும் ஒரே குரலில் வெறுக்கிறார்கள். எந்த ஊரிலும் ராத்திரி யாருக்கும் தெரியாமல் சோறு கொண்டுவந்து வைக்கும் கிழவி ஒருத்தி இருப்பாள். அவள் வந்திருந்தால் ஊரின் கொடுமை இன்னும் உறைத்திருக்கும்.

காதல் கதைகளை மதிப்பிடுவதிலும் ஒரு பழக்கம் வளர்ந்துவிட்டது. காதல் தோற்றால்தான் இலக்கியம், கூடினால் மாத நாவல் என்பது நம் விமர்சகர்களின் எழுதாத விதி. ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டு, பேரப்பிள்ளை பிறந்ததும் சமாதானமாகி, அதே ஊரில் மளிகைக்கடை நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பத்து வருஷப் பேச்சுவார்த்தையை யார் எழுதினார்கள்? தோல்வியிலும் ஒரே அச்சுதான்: சாவு, இல்லாவிட்டால் பைத்தியம். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ இதற்கு விலக்கு. பிலோமி, சாமிதாஸைக் கைப்பிடிக்கவில்லை. அதற்காக உடைந்து நொறுங்கிவிடவும் இல்லை. பிரியத்தைக் கசப்பாக்காமல் வாழ்ந்துகொண்டு போகிறாள். அழுது தீர்க்கும் நூறு கதாநாயகிகளைவிட அவளை நான் நம்புகிறேன்.

மாத நாவல்களை ஒரேயடியாக ஒதுக்கவும் மனமில்லை. ரமணிசந்திரன் வகைக் கதைகளில் நாயகன் பணக்காரன்; அவன் பணம் ஊர்வாயை அடைத்துவிடும். அதில் நம்பகம் குறைவு. ஆனால் புகுந்த வீட்டில் ஒரு சொல் எப்படிச் சுடும், மன்னிப்புக் கேட்கத் தெரியாத கணவனிடம் மனைவி எத்தனை நாள் பேசாமல் இருப்பாள் என்பதெல்லாம் சிறுபத்திரிகைக்காரர்கள் பலருக்குக் கைவராத நுட்பம்.

இப்போது எழுத வருகிறவர்களிடம் எனக்கொரு கேள்வி. செல்போன் வந்து இவ்வளவு காலமான பிறகும் உங்கள் காதலர்கள் ஏன் இன்னும் கோயில் பிராகாரத்திலேயே சந்திக்கிறார்கள்? மொட்டைமாடியில் நின்று தாழ்ந்த குரலில் பேசும் பெண்ணையும், அவள் எண்ணுக்கு எவன் பணம் போடுகிறான் என்று தெரிந்த ரீசார்ஜ் கடைக்காரரையும் கொஞ்சம் எழுதுங்கள்.