வேர்க்குருவும் குருவும்

கோட்டூர்புரத்தில் வெயில் காலம். கழுத்தெல்லாம் வேர்க்குரு. அண்ணா நூற்றாண்டு நூலக ஏசியில் உட்கார்ந்தபோது தோன்றிய குறிப்பு இது.

சூடு மிஞ்சியதை உடம்புக்குச் சொல்லித் தருவதால் வேர்க்குருவும் ஒரு குருதான் என்று ஒரு விளக்கம் உண்டு. கேட்க அழகு. நானே ரெண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனா தப்பு.

கொப்புளத்தைக் குறிக்கும் குரு திராவிடச் சொல். ஆசானைக் குறிப்பது சமஸ்கிருதம். அங்கே அடிப்படைப் பொருள் கனம். லத்தீனின் 'கிராவிஸ்' அதற்கு உறவு. கனமானவர், மதிப்புக்குரியவர், அப்புறம் ஆசான். கோயில் குருக்கள், சர்ச்சின் குருவானவர், ஜாதகத்து வியாழன் எல்லாம் இந்த வழிதான்.

தமிழில் ரெண்டு ஒலிக்கும் ஒரே ககரம் என்பதால் இந்தச் சொற்கள் ஒட்டிக்கொண்டன. மலையாளத்தில் முகக்குருவுக்கு ஒரு எழுத்து, ஆசானுக்கு வேறு எழுத்து. குழப்பமே இல்லை.

தொல்காப்பிய உரியியலோ குருவுக்கு நிறம் என்று பொருள் சொல்கிறது. சிவந்த தோலைக் காட்டி அதையும் இதோடு முடிச்சுப்போட ஆசை வரும். ஆதாரம் வேண்டாமா?

தமிழ்ப் பற்றில் எல்லாக் குருவையும் தமிழ் என்பதும், பக்தியில் எல்லாவற்றையும் சமஸ்கிருதம் என்பதும் ஒரே தவறுதான்: ஒலி ஒத்தால் உறவு என்று நினைப்பது. நஷ்டம் நமக்கே. நம் வீட்டுச் சொல்லையே அடையாளம் தெரியாமல் போகிறது. வேர்க்குருவின் 'வேர்' கூட மரத்து வேர் இல்லீங்க. வேர்ப்பது, அதாவது வியர்ப்பது.