உதைத்துக் கிளப்பும் சுகம்

புல்லட்டை அதன் சத்தத்துக்காக மட்டும் கொண்டாடுபவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. எனக்குப் பிடித்தது அதைக் கிளப்பும் சடங்கு. 1955 முதல் சென்னையில் உருவான அந்தப் பழைய 350 சிசி வண்டிக்கு கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஹெட்லைட்டுக்கு மேலே சின்ன ஆம்பியர் மீட்டர். சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அழுத்தி, முள் நடுவுக்கு வரும்வரை பார்க்க வேண்டும். டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்துக் கொஞ்சம் நகர்த்தி, லிவரை விட்டு, முழுசாக ஒரு மிதி. அவசரக்காரனைத் திருப்பி உதைக்கும். 70 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரில் பிஸ்டன் 90 மி.மீ. ஏறி இறங்குகிறது, அந்த நீண்ட ஓட்டமும் கனத்த ஃபிளைவீலும்தான் குறைந்த வேகத்திலும் திணறாமல் மேடேற்றுகின்றன. ஆயில் கசிவதையும் அழகு என்பவர்களை நான் நம்புவதில்லை.

லாரியில் என் பிரியம் மொட்டை சேஸிஸ்மீது. பாடி கட்ட எண்ணூர் லாரித் தொழிற்சாலையிலிருந்து நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் போகும். கேபின் இல்லை, கதவு இல்லை; ஓட்டுநர் முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு வெயிலிலும் தூசியிலும் உட்கார்ந்திருப்பார். பாவம்தான். ஆனால் புரொப்பல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், பட்டை ஸ்பிரிங் எல்லாம் வெட்டவெளியில் வேலை செய்வதைப் பார்க்க அதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

காரா? வைத்திருக்கிறேன், ரசிப்பதில்லை. பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. ஓடாமல் நின்றாலும் இன்ஷூரன்ஸ் கேட்கும், பேட்டரி இறங்கும். ஆனாலும் ஐப்பசி மழையில் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பும்போது நான் தேடுவது கார் சாவியைத்தான்.